இரண்டு சாவி, இரண்டு கணக்கு

காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கிளையின் ஸ்ட்ராங் ரூம் முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் ஹெட் கேஷியர், இன்னொருவர் அக்கவுண்டன்ட். இரும்புக் கதவில் இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. கேஷியர் எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருந்தாலும், அக்கவுண்டன்ட் வரும் பஸ் வழியில் நின்றுவிட்டால் அன்றைக்கு எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பத்தே முக்கால் வரை பணம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் சத்தம் போட்டார். "முப்பது வருஷமா இங்கேயே இருக்கிற மனுஷர். அவர்கிட்டயே ரெண்டு சாவியையும் குடுத்தா என்ன?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேஷியர்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "குடுத்தா எனக்குத்தான் ஆபத்து சார். நாளைக்கு ஒரு கட்டு குறைஞ்சா, நான் எடுக்கலைன்னு யார் வந்து சாட்சி சொல்வாங்க?"

வங்கிகளில் உள்கட்டுப்பாடு, இடர் மேலாண்மை என்றெல்லாம் தடிமனான கையேடுகள் உண்டு. அவற்றைத் திறப்பதற்கு முன் இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்தால் போதும், பாதி புரிந்துவிடும். எந்த வேலையையும் ஒரே ஆள் தொடங்கி ஒரே ஆள் முடிக்கக் கூடாது. ஒருவர் எழுதும் கணக்கை இன்னொரு கணக்கோடு ஒத்துப் பார்க்காமல் விடக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் யாரோ ஒருவரைச் சந்தேகப்பட்டு எழுதியவை இல்லை. யோக்கியமான ஆளுக்கும் அவைதான் கவசம். அந்த ஸ்ட்ராங் ரூமின் மாற்றுச் சாவிகள் கூட எங்கள் கிளையில் இருக்காது. உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பக்கத்து ஊர்க் கிளையில் கொடுத்து வைத்திருப்போம்.

வங்கிக்காரர்கள் ஆபத்தைப் பொதுவாக மூன்று மூட்டைகளாகக் கட்டுவார்கள். கொடுத்த கடன் திரும்பாமல் போவது கடன் இடர். வட்டியும் டாலரும் கடன் பத்திர விலையும் ஏறி இறங்கிக் கையைச் சுடுவது சந்தை இடர். மூன்றாவது செயல்பாட்டு இடர். ஆள் செய்யும் பிழை, ஆள் செய்யும் திருட்டு, கம்ப்யூட்டர் கோளாறு, நடைமுறையில் உள்ள ஓட்டை, வெள்ளம், தீ எல்லாம் அதில் அடக்கம். முதல் இரண்டையும் தெரிந்தேதான் வங்கி தோளில் ஏற்றிக்கொள்கிறது, அதற்கு வட்டியும் லாபமும் கிடைக்கிறது. மூன்றாவது மூட்டையைச் சுமப்பதற்கு யாரும் ஒரு பைசா தருவதில்லை. அதனாலேயோ என்னவோ, அதற்குச் செலவு செய்யச் சொன்னால் மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள்.

கடன் பக்கம் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் கேட்பவரை அழைத்து வருகிறவர் ஒருவர், அவருடைய கணக்கு வழக்கை அலசுகிறவர் ஒருவர், ஒப்புதல் தருகிறவர் வேறொருவர் அல்லது ஒரு குழு. ஒரே நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடாமல் இருக்க உச்சவரம்பும் உண்டு. இந்தியாவில் ஒரு தனிக் கடனாளிக்கு, வங்கியின் முதல் அடுக்கு மூலதனத்தில் (பங்கு முதலும் சேர்த்து வைத்த லாபமும் அடங்கிய அதன் சொந்தப் பணம்) பொதுவாக 20 சதவீதம், ஒன்றோடொன்று தொடர்புள்ள நிறுவனக் குழுவுக்கு 25 சதவீதம். தவணை தவறிய முதல் 30 நாள் ஒரு அடையாளம், 60 நாள் வரை அடுத்தது, 90 நாள் வரை அதற்கடுத்தது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். காய்ச்சல் ஏறுவதைக் குறித்துக்கொண்டே வருவது மாதிரி. இதைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது மூன்றாவது மூட்டையை.

பெரிய தொகைக்குக் காசோலை கொடுத்துவிட்டுக் கவுன்டரில் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். கவுன்டரில் இருப்பவர் கணக்கு எண்ணை அடிக்கிறார், தொகையை அடிக்கிறார், திரையில் கையெழுத்தைப் பார்க்கிறார். அதோடு பணம் வந்துவிடாது. பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும் அதிகாரியின் திரைக்கு அது போகும். அவரும் ஒருமுறை பார்த்து 'பாஸ்' செய்தால்தான் கணக்கில் ஏறும். பதிகிறவர் மேக்கர், பாஸ் செய்கிறவர் செக்கர். தான் பதிந்ததைத் தானே பாஸ் செய்ய மென்பொருள் விடாது. ஸ்ட்ராங் ரூம் கதவின் இரண்டு பூட்டுதான் கம்ப்யூட்டருக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் பூட்டு இருப்பதும் பூட்டியிருப்பதும் ஒன்றில்லையே. நான் வேலை பார்த்த ஒரு கிளையில், மார்ச் 31 மாலை. வாசல் வரை கூட்டம். செக்கராக இருந்த அதிகாரிக்கு சர்க்கரை நோய், வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். எழுந்து போகும்போது தன் பாஸ்வேர்டை பழைய செல்லானின் பின்பக்கம் எழுதிக் கவுன்டரில் கொடுத்துவிட்டுப் போனார். "நீயே போட்டு நீயே பாஸ் பண்ணிக்கோப்பா." அன்றைக்கு ஒரு தப்பும் நடக்கவில்லை, வரிசையும் சீக்கிரம் கரைந்தது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குக் கம்ப்யூட்டர் பதிவில் மேக்கர், செக்கர் என்று இரண்டு பெயர்கள் இருந்தன, நாற்காலியில் ஒரே ஆள்தான் இருந்தார். அடுத்த வாரம் அதே சீட்டு அதே மேசையில், கண்ணாடிக்கு அடியில் செருகிக் கிடந்ததைப் பார்த்தேன். இப்போது பல இடங்களில் கைரேகை வைத்தால்தான் உள்ளே நுழைய முடிகிறது. விரலைச் செல்லானில் எழுதிக் கொடுக்க முடியாது என்பது ஒரு ஆறுதல்.

சரி, இரண்டாவது விதிக்கு வருவோம். ஒத்துப் பார்ப்பது. சாயங்காலம் கேஷியர் பெட்டியில் இருக்கும் பணத்தை எண்ணுவார். காலை இருப்போடு இன்று வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்தால் என்ன வர வேண்டுமோ அது கையில் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தால் அவர் பையிலிருந்து போட வேண்டும். நூறு ரூபாய் கூடினாலும் நிம்மதி கிடையாது, யாருக்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். டேலி ஆகாத தொகையைத் தற்காலிகமாக வைக்க 'சஸ்பென்ஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. விவரம் தெரிந்த இன்ஸ்பெக்டர் கிளைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் திறக்கச் சொல்வார். ஒரு கிளை குப்பையை எங்கே தள்ளி வைக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

இந்தச் சலிப்பூட்டும் வேலைக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், 2018 பிப்ரவரி மாதத்தைக் காட்டுவேன். ஒரே மாதத்தில் இந்தியாவில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி பற்றியது, மற்றது பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை பற்றியது. இரண்டிலும் சம்பந்தப்பட்டது ஸ்விஃப்ட்.

ஸ்விஃப்ட் என்பது வங்கிகளுக்கு இடையிலான தகவல் வலையமைப்பு. பணத்தை அது சுமந்துகொண்டு போவதில்லை, செய்தியைத்தான் கொண்டுபோகும். 'என் கணக்கிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று ஒரு வங்கி சொன்னால், கடல் தாண்டி இருக்கும் வங்கி அதை நம்பிக் கொடுத்துவிடும். பழைய காலத்து வியாபாரிகள் ஊர் விட்டு ஊர் பணம் கொடுக்க எழுதிய உண்டியல் சீட்டு மாதிரிதான், மின்சார வேகத்தில். வங்கியின் அன்றாடக் கணக்கு இருப்பது வேறொரு மென்பொருளில். அதற்குக் கோர் பேங்கிங் என்று பெயர். ஆக, செய்தி ஒரு புத்தகத்தில், கணக்கு இன்னொரு புத்தகத்தில்.

1904-ல் தொடங்கிய கும்பகோணம் வங்கியில் நடந்தது இது. 2018 பிப்ரவரி 6 மாலை, வெளியிலிருந்து ஊடுருவியவர்கள் அந்த வங்கியின் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகளை அனுப்பினார்கள். 5 லட்சம் டாலர் துபாய்க்கு, 3 லட்சம் யூரோ துருக்கிக்கு, 10 லட்சம் டாலர் சீனாவுக்கு. அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை ஒன்று பிரிண்டரில் வந்து விழும். அது விழக் கூடாது என்பதற்காகப் பிரிண்டரையும் முடக்கினார்கள். ஊழியர்களுக்கு அது வழக்கமான நெட்வொர்க் கோளாறாகத்தான் தோன்றியது. ஆனால் மறுநாள் காலை பழுதைச் சரிசெய்து, முந்தைய நாளின் ஸ்விஃப்ட் செய்திகளைத் தங்கள் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். ஸ்விஃப்டில் மூன்று உத்தரவுகள் அதிகமாக இருந்தன, கணக்குப் புத்தகத்தில் அவை இல்லை. உடனே தகவல் பறந்தது. துபாய்க்குக் கிளம்பிய 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மற்ற இரண்டையும் மீட்க அலைய வேண்டியிருந்தது என்றாலும், திருட்டு ஒரே இரவில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

பிரிண்டர் தந்திரம் புதிதும் இல்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலும் இதையே செய்தார்கள். அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அவர்களுடைய டாலர் கணக்கு இருந்த நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்களன்று சீனப் புத்தாண்டு விடுமுறை. திருடர்கள் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போயே விட்டது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. பெறுபவர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேன்டேஷன்' என்று தப்பாக அடித்திருந்தார்கள். இடையில் இருந்த வங்கியில் யாரோ ஒருவர் அந்த எழுத்துப் பிழையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டுவிட்டார். கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட பாதுகாப்பு மென்பொருள் எதுவும் செய்யாததை ஒரு நல்ல எழுத்தர் செய்துவிட்டார் என்று இதை நான் புதியவர்களுக்குச் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்.

மும்பைக் கதை வேறு. நகரின் கோட்டைப் பகுதியில் பிராடி ஹவுஸ் என்று ஒரு கட்டிடம், அதில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் ஒரு கிளை. வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனங்களுக்கு அங்கிருந்து உறுதிக் கடிதங்கள் போயின. எல்ஓயூ என்பார்கள். இறக்குமதிக்குப் பணம் வேண்டும் என்றால், இங்குள்ள வங்கி, ஹாங்காங்கில் இருக்கும் இன்னொரு இந்திய வங்கியின் கிளையிடம், 'நீ இப்போது கொடு, தவணை வந்ததும் நான் தருகிறேன்' என்று ஸ்விஃப்ட் வழியாக உறுதி சொல்வது. அப்படிச் சொல்லும் முன் வாடிக்கையாளரிடம் ஈடோ ரொக்கமோ வாங்க வேண்டும், கடன் வரம்பு இருக்க வேண்டும், கோர் பேங்கிங்கிலும் அதைப் பதிய வேண்டும்.

2011 முதல் இந்தக் கடிதங்கள் ஸ்விஃப்டில் போய்க்கொண்டிருந்தன, கணக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. இரண்டு மென்பொருள்களும் ஒன்றோடொன்று இணைக்கப்படாததால், ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. தவணை நாள் வந்தால் பழைய கடனை அடைக்கப் புதிய கடிதம். அதனால் எதுவும் தவறியதாகக் காட்டவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. ஸ்விஃப்டிலும் பதிய ஒருவர், சரிபார்க்க ஒருவர் என்று பல கை வேண்டும். அந்தப் பாஸ்வேர்டுகள் கை மாறிப் புழங்கின என்பதும், ஒரு துணை மேலாளர் இடமாற்றமே இல்லாமல் பல வருடம் அதே இருக்கையில் இருந்தார் என்பதும் விசாரணையில் வந்த குற்றச்சாட்டுகள். செல்லானின் பின்பக்கம் எழுதிய பாஸ்வேர்டை நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த விதம்தான் விசேஷம். 2017-ல் அந்தத் துணை மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். 2018 ஜனவரியில் நிறுவனத்து ஆட்கள் வழக்கம்போலப் புதிய கடிதம் கேட்டு வந்தார்கள். புது இருக்கைக்காரர், முழுத் தொகையையும் ரொக்கமாக ஈடு வைக்கச் சொன்னார். "இதுவரைக்கும் அப்படி வைத்ததே இல்லையே" என்றார்கள் வந்தவர்கள். இதுவரைக்கும் என்றால் என்ன என்று புத்தகத்தைத் தேடினால், அப்படி ஒரு கடிதமும் இல்லை. பிப்ரவரி 14 அன்று வங்கி பங்குச் சந்தைக்குத் தெரிவித்த தொகை சுமார் 177 கோடி டாலர். பின்னர் அது 13,000 கோடி ரூபாயையும் தாண்டியது.

கும்பகோணத்தில் ஒரு இரவு. பிராடி ஹவுஸில் ஏழு வருடம். வித்தியாசம் கண்டுபிடிப்பவர்களின் புத்திசாலித்தனத்தில் இல்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போட்டார்களா இல்லையா, அவ்வளவுதான். 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை இந்த ஆபத்தைப் பற்றி வங்கிகளை ரகசியமாக எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி பிற்பாடு சொன்னது. 2018 மார்ச்சில் இறக்குமதிக்கான எல்ஓயூ முறையையே நிறுத்தியது. ஸ்விஃப்டையும் கோர் பேங்கிங்கையும் இணைக்கக் கெடு வைத்தது. ஸ்விஃப்ட் விதிகளைப் பின்பற்றாததற்காக 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 13,000 கோடி போன வீட்டில் 71 கோடி என்பது சில்லறை. ஆனால் 36 என்ற எண்ணைப் பாருங்கள், நோய் ஒரு கிளையோடு நின்றதில்லை.

வெளிநாட்டில் இந்தப் பாடம் எப்போதோ நடந்து முடிந்தது. 1762-ல் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற இளைஞரை அமர்த்தியிருந்தது. அவர் பங்குக் குறியீட்டு ஒப்பந்தங்களை வாங்கி விற்கவும் செய்தார், அந்த வியாபாரத்தின் கணக்கை முடித்துத் தரும் பின்னறைக்கும் அவரே பொறுப்பு. கேஷியரிடமே இரண்டு சாவியும். சக ஊழியர் ஒருவர் செய்த 20,000 பவுண்ட் பிழையை மறைக்க 88888 என்ற எண்ணில் ஒரு பிழைக் கணக்கைப் பயன்படுத்தத் தொடங்கியவர், பிறகு தன் சொந்த நஷ்டங்களையெல்லாம் அதில் ஒளித்தார். ஒரே ஆளிடம் அதிகாரம் குவிந்திருக்கிறது என்று 1994-ல் உள்தணிக்கை எழுதியே கொடுத்தது. லாபம் கொட்டுகிறதே என்று விட்டுவிட்டார்கள். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம், சந்தை சரிந்தது. பிப்ரவரி இறுதியில் 82.7 கோடி பவுண்ட் நஷ்டத்தோடு 233 வருட வங்கி கவிழ்ந்தது. நெதர்லாந்தின் ஐஎன்ஜி அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது.

இதோடு தொடர்புள்ள ஒரு விதி புதிதாகச் சேர்பவர்களுக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்: கட்டாய விடுப்பு. நம் ஊர் பிரிவுபசார விழாக்களில் "முப்பது வருஷத்தில் ஒருநாள் கூட லீவு போடாதவர்" என்று மாலை போடுவார்கள். வங்கியில் அப்படி ஒருவர் இருந்தால் தணிக்கைக்காரர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மறைத்து வைத்த கணக்குக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், அடுத்தவர் வந்து உட்கார்ந்தால் செடி வாடிவிடும். பிரான்சின் சொசியேத்தே ஜெனரால் வங்கியில் 490 கோடி யூரோ நஷ்டத்துக்குக் காரணமான ஜெரோம் கெர்வியேல், அது வெளிவருவதற்கு முந்தைய 2007-ல் மொத்தமே நான்கு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். இந்தியாவில் முக்கியமான இருக்கைகளில் இருப்பவர்களை, முன்கூட்டிச் சொல்லாமல், வருடத்துக்கு ஒருமுறை குறைந்தது 10 வேலை நாள் சேர்ந்தாற்போல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பிராடி ஹவுஸ் கதை ஓய்வுக்குப் பிறகு வெளிவந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வங்கிக் கட்டுப்பாட்டின் மொத்த அமைப்பையும் ஒரு வாய்ப்பாடாகச் சொல்வார்கள், மூன்று அரண் என்று. வேலையைச் செய்யும் கிளையே முதல் அரண். வரம்புகளை வகுத்து மீறலைக் கவனிக்கும் இடர் மேலாண்மைத் துறையும், விதிகளைப் பார்த்துக்கொள்ளும் துறையும் இரண்டாவது. உள்தணிக்கை மூன்றாவது. அது கிளை மேலாளருக்குக் கட்டுப்பட்டதில்லை, இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவுக்கு நேரே பதில் சொல்லும். பெரிய கிளைகளில் இதற்கு மேல் கான்கரன்ட் ஆடிட் என்று ஒன்றும் உண்டு, நடந்தது நடந்த சூட்டிலேயே பார்ப்பதற்கு. காகிதத்தில் நல்ல அமைப்பு. என் அனுபவத்தில், ஆடிட் வருகிறது என்று தெரிந்த இரவில் ஒரு மாதத்துச் சாவிப் பதிவேட்டை ஒரே உட்காரலில் நிரப்பிய கிளையும் உண்டு. முப்பது நாள் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. வந்த ஆடிட்டர் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்க பேனா தீரவே தீராதா சார்?" என்று மட்டும் கேட்டார். அறிக்கையில் அது இரண்டு வரியாக ஏறியது.

இத்தனைக்கும் பிறகு வங்கியின் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அகப்படாத ஒரு பிழை உண்டு. சரியான தொகை, தவறான கணக்கு. கூட்டல் சரியாக வரும், டேலி ஆகும், மேக்கர் செக்கர் இருவர் கண்ணும் தொகையிலேயே இருந்திருக்கும். அதைப் பிடிக்க மூன்றாவது புத்தகம் ஒன்று வேண்டும், அது வாடிக்கையாளரிடம் இருப்பது. உங்கள் கணக்கில் எது நடந்தாலும் எஸ்எம்எஸ் வருவது இதற்காகத்தான். உங்கள் மேலும் வங்கியின் மேலும் தவறில்லாமல் வெளியார் யாரோ மின்னணு வழியில் பணத்தை எடுத்துவிட்டால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களைச் சேராது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்தது. தாமதித்தால் பங்கு உங்களுக்கும் வரலாம்.

எஸ்எம்எஸ் வருவதற்கு முந்தைய காலத்தில் எங்கள் கிளைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாதம் பிறந்தால் வருவார். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி, ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்து, தன் நாற்பது பக்க நோட்டோடு வரி வரியாக ஒப்பிடுவார். எங்களுக்கு அது கொஞ்சம் சிரிப்பு. ஒருநாள் எழுந்து நேராக என் மேசைக்கு வந்தார். "தம்பி, 3,200 ரூபாய் வந்திருக்கு. இது என் காசு இல்லை." அன்றைய டேலியை எடுத்துப் பார்த்தேன், பைசா பிசகாமல் சரியாக இருந்தது. அப்புறம் செல்லானைத் தேடி எடுத்தோம். அதே பெயர், அதே இன்ஷியலில் இன்னொருவர், உரக்கடை வைத்திருப்பவர் கட்டிய பணம். அவர் அதுவரை கவனிக்கவே இல்லை. மாற்றிப் போட்டு பாஸ்புக்கைத் திருப்பிக் கொடுத்தேன். வாத்தியார் நின்றபடியே நோட்டைப் பிரித்து, இருப்பைக் கூட்டிப் பார்த்து, அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டு, மஞ்சள் பையில் இரண்டையும் வைத்துக்கொண்டு போனார்.